பதினேழுக்கு நான்கு

மெல்பர்ன்
8 பிப்ரவரி 1993

அன்புள்ள நோரீன்,

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். இந்நேரம் நீ காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு, கால்களை வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். லெஸ்ஸின் இடுப்பு எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்களா, இல்லை உன் வீட்டுக்காரர் இன்னும் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாரா?

இத்துடன் ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. அட்டையில் உள்ள பலூன்களைப் பார்த்துச் சிரிக்காதே, அவற்றை வரைந்தது நானில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் நான் எழுதியது. வகுப்பில் எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது, எந்த விதியை வைத்துக்கொள்வது என்பதில் பிள்ளைகளுக்கும் ஒரு குரல் வேண்டும் என்பதுதான் விஷயம். டிராம் டிப்போவை ஒட்டிய பள்ளியில் நீயும் நானும் அடுத்தடுத்த அறைகளில் செய்ததுதான். அன்று அதற்காக ஆய்வாளர் நம்மை நிற்க வைத்துத் திட்டினார். இன்று அதையே எங்கள் கல்வித்துறை அச்சடித்து அனுப்புகிறது. இதற்கு இருபத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

பன்னிரண்டு பள்ளிகளில் செய்து பார்க்கப் போகிறோம். பிரிகல் பள்ளியின் பெயரை உன்னைக் கேட்காமலேயே எழுதிவிட்டேன். பிள்ளைகளைக் கேளுங்கள் என்று புத்தகம் போட்டவள் தோழியைக் கேட்கவில்லை. திட்டிக்கொள். ஆனால் செய்.

என்றும் உன்
வால்டா


பிரிகல்
7 மார்ச் 1993

அன்புள்ள வால்டா,

திட்டத்தான் நினைத்தேன். அதற்கும் தெம்பு வேண்டுமே. நாற்பத்திரண்டு டிகிரி வெயில், ஊர் முழுக்க எலி. மேசை இழுப்பறையைத் திறந்தால் நான்கு துள்ளி ஓடுகின்றன. உன் பலூன்களில் இரண்டை ஏற்கெனவே தின்றுவிட்டன. லெஸ்ஸுக்கு ஆகஸ்டில் ஆபரேஷன். அதுவரை முனகல்தான்.

உனக்கு இங்குள்ள நிலவரம் தெரியும். இருபத்தொரு பிள்ளைகள், ஐந்து வயதுச் சிறுமி ஜோடியிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன்கள் வரை ஒரே அறையில். வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு வந்துகொண்டிருந்த பெண்ணையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. புதிதாக எதையும் செய்து பார்க்கும் வயதை நான் தாண்டிவிட்டேன் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. கேட்டது நீ என்பதால் வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தேன்.

“இந்த வகுப்புல எதை மாத்தணும்னு நெனைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

பையன்கள் முழங்கால் காயத்தை நோண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ட்ரூடி நோஸ்கே கை தூக்கினாள். ஐந்தாம் வகுப்பு, லாயிட் நோஸ்கேயின் மூத்த மகள். அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான். மேல்வகுப்பு முழுவதிலும் பெண் என்றால் அவள் மட்டும்தான்.

“மிஸ், சும்மா கேக்கறீங்களா, நெஜமாவே கேக்கறீங்களா?”

“நெஜமாத்தான்.”

“அப்ப நாங்க சொல்றது உங்களுக்குப் பிடிக்கலைன்னா?”

“எனக்கும் ஒரு ஓட்டு. ஜோடிக்கும் ஒரு ஓட்டு. அவ்வளவுதான்” என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

முதலில் கேட்டது ஜோடி. கடிகாரத்தைக் கீழே இறக்கி மாட்ட வேண்டுமாம். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியாமலே தான் காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஒன்பது வருஷமாக அந்தக் கடிகாரம் என் தலைக்கு நேராக, எனக்கு வசதியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆணியைப் பிடுங்கி இறக்கி மாட்டினோம். திங்கட்கிழமை எழுத்துத் தேர்வு ஒழிந்தது, பத்தொன்பதுக்கு மூன்று. அந்த மூன்றில் ஒன்று நான்.

களைப்பாக இருக்கிறது, வால்டா. ஆனால் முந்தின வாரம் இருந்த களைப்பு இல்லை.

அன்புடன்
நோரீன்


மெல்பர்ன்
17 மே 1993

அன்புள்ள நோரீன்,

உன் ஏப்ரல் கடிதத்தை அலுவலகத்தில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். பையன்கள் எலிப்பொறி செய்து, அதைக்கொண்டே கணக்குப் பாடத்தை முடித்த கதையைக் கேட்டு, சிரிக்கவே தெரியாத ஒரு மனிதர் சிரித்தார்.

இப்போது சொல்லப்போவது நல்ல சேதி இல்லை. அரசிதழிலோ பேப்பரிலோ பார்ப்பதற்கு முன்னால் என்னிடமிருந்து வரட்டும் என்று எழுதுகிறேன். மூடலாமா என்று பரிசீலிக்கும் பள்ளிகளின் பட்டியலில் பிரிகல் இருக்கிறது. மூடினால் பிள்ளைகள் பஸ்ஸில் டவுன் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் பகுதியில் முப்பத்தொரு பள்ளிகளின் அறிக்கைகளை எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது எழுதுவதைவிட நான் எழுதுவது மேல் என்று தோன்றியது.

ஒன்று மட்டும் போராடி வாங்கியிருக்கிறேன். அறிக்கையில் பிள்ளைகளின் கருத்துக்கு ஒரு பகுதி உண்டு. உன் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதை வை. அவர்கள் என்ன நினைக்கிறார்களோ அதை அவர்கள் கையாலேயே எழுதட்டும். திருத்தாதே. ஜூன் கடைசிக்குள் எனக்கு வந்துவிட வேண்டும்.

உன்
வால்டா


பிரிகல்
20 ஜூன் 1993

அன்புள்ள வால்டா,

தடித்த உறை ஒன்று தனியாக வரும். அதைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

பிள்ளைகளிடம் சொன்னேன். சில சின்னதுகள் அழுதன. பிறகு வழக்கம்போல ட்ரூடிதான்: “டவுனுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு தெரியாம நாங்க எப்படிங்க மிஸ் கருத்து சொல்றது?” துறையின் தாளில் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம் என்றிருந்தது. போய்ப் பார்த்துவிடுவது என்று ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள். பஸ் ஓட்டும் மெர்வ் காசு வாங்காமல் வந்தார். ஒவ்வொரு பண்ணை வாசலிலும் நிறுத்தி, அந்தந்த வீட்டுப் பிள்ளை இறங்கி ஏறி, மண்சாலையில் குளிர்காலப் பனிமூட்டத்தில் போனோம். ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம். பையன்கள் வாசல் வாசலாக நேரம் குறித்துக்கொண்டார்கள். ஜோடி இரண்டு முறை வாந்தியெடுத்தாள். அதையும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

டவுன் பள்ளியில் மதியம் வரை இருந்தோம். யாரிடமும் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பள்ளி. என் பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள், ட்ரூடியைத் தவிர. அவள் வலைப்பந்து ஆடிக்கொண்டிருந்த பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஐந்து வருஷமாக என் வகுப்பில் இருக்கிறாள்.

மறுநாள் ஓட்டு. நான் போடவில்லை. பள்ளி இருக்கட்டும் என்று பதினேழு பேர். டவுனுக்குப் போகலாம் என்று நான்கு பேர். நால்வரில் ட்ரூடி ஒருத்தி. பிறகு ஒவ்வொருவரும் ஒரு தாளில் தங்கள் காரணத்தை எழுதினார்கள்.

அன்று மாலையே பெற்றோர் குழுத் தலைவர் கோலின் பார் வந்து நின்றார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“நோரீன், அந்த நாலு தாளையும் எடுத்துடு.”

“எடுக்க முடியாது கோலின். இருபத்தோரு பேரும் எழுதுனது.”

“குழந்தைங்கம்மா! இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். நீ கொடுக்கற கத்தியாலயே நம்மளக் குத்துவாங்க.”

“வாங்கறது என் சிநேகிதி. அவளைப் பத்தி எனக்குத் தெரியும்.”

அப்படித்தான் சொன்னேன்.

ஆனாலும் அவர் போன பிறகு ட்ரூடியின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எடுத்துவிடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது, வால்டா. முப்பது வருஷம் பிள்ளைகளைப் பேசு பேசு என்று சொல்லிவிட்டு, பேசிய பிள்ளையின் தாளைக் கிழித்தால் நான் யார்? அவள் எழுதியது இதுதான்:

“எனக்கு இந்தப் பள்ளி பிடிக்கும். எங்கள் ஆசிரியை மிஸஸ் டூலனைப் பிடிக்கும். ஆனால் என்னோடு பேச என் வயதில் ஒரு பெண்கூட இங்கே இல்லை. டவுன் பள்ளியில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். நான் போக விரும்புகிறேன். சின்னப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் போகக்கூடாது. இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள்தான் யோசிக்க வேண்டும்.”

இதைவிட நேர்மையாக எந்தப் பெரியவரும் எழுதி நான் படித்ததில்லை. பத்திரமாகப் பார்த்துக்கொள்.

நோரீன்


மெல்பர்ன்
29 ஜூன் 1993

அன்புள்ள நோரீன்,

வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். ஜோடியின் படத்தில் பஸ்ஸைவிடச் சாலை நீளமாக இருக்கிறது. அதைப் பார்த்து அழுதுவிட்டேன். எல்லாம் பத்திரம்.

நேரமில்லை, முப்பத்தொரு பள்ளிகளுக்கும் அறிக்கை எழுத வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

வால்டா


பிரிகல்
19 செப்டம்பர் 1993

வால்டா,

அறிக்கை வந்தது. டிசம்பரில் பூட்டு.

அதற்காக இதை எழுதவில்லை. மூடுவார்கள் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். பக்கம் ஐந்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். “பிரிகல் மாணவர்களின் குரல்” என்று தலைப்பு. கீழே பெட்டி கட்டி இரண்டே வரி: “என்னோடு பேச என் வயதில் ஒரு பெண்கூட இங்கே இல்லை. நான் போக விரும்புகிறேன். ஐந்தாம் வகுப்பு மாணவி.”

பதினேழு எங்கே? ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம் எங்கே? பக்கம் மூன்றில் இன்னும் ஐம்பது நிமிடம் என்றே இருக்கிறது. “சின்னப் பிள்ளைகள் போகக்கூடாது” என்று அதே பிள்ளை அதே தாளில் எழுதியது எங்கே?

பெயர் போடவில்லை என்று சொல்வாய். இந்த ஊரில் ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு பெண்தான் இருக்கிறாள். கடையில் ட்ரூடியின் அம்மாவிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “உன் பொண்ணுதானே பூட்டு வாங்கிக் கொடுத்தா” என்று பால்கடை வாசலில் வைத்தே ஒருவர் லாயிடைக் கேட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இப்போது அவள் கை தூக்குவதில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு நின்றாள்.

“மிஸ், நான் எழுதினதை மட்டும் ஏன் போட்டாங்க?”

நான் என்ன சொல்ல? என் தோழி தேர்ந்தெடுத்தாள் என்றா? “தெரியல ட்ரூடி” என்றேன்.

பையின் வாரைத் திருகினாள். “அப்ப அவங்க நான் சொன்னதக் கேக்கல மிஸ். அவங்களுக்கு வேண்டியது என் தாள்ல இருந்துச்சு, அவ்வளவுதான்.”

லெஸ்ஸுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நீ விசாரிக்கவில்லை.

நோரீன்


மெல்பர்ன்
3 அக்டோபர் 1993

அன்புள்ள நோரீன்,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஒவ்வொரு பள்ளியின் நாற்பது பக்க அறிக்கையையும் ஆறு பக்கமாகச் சுருக்கச் சொன்னார்கள். பள்ளிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இரண்டு வரி. மேலிடம்தான் அந்த வரிகளைப் பொறுக்கியது என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். பொறுக்கியது நான்.

உன்னிடம் சொல்லாதது இன்னொன்றும் உண்டு. முடிவு ஏப்ரலிலேயே ஆகிவிட்டது. மே மாதம் உனக்கு எழுதும்போது எனக்குத் தெரியும். பிள்ளைகளின் எழுத்தைப் பார்த்தால் ஒருவேளை மனம் மாறுவார்கள் என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பும் போய்விட்டது. எப்படியும் மூடத்தான் போகிறார்கள், ஒரு பிள்ளைக்காவது இதனால் நல்லது நடக்கிறது என்று அறிக்கையில் இருக்கட்டுமே என்று தோன்றியது. அந்தப் பிள்ளையை ஊர் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. முப்பத்தொரு பள்ளி, நோரீன். இருபதாவது பள்ளிக்குப் பிறகு எதையும் யோசிக்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

டிசம்பர் 17 நிறைவு விழாவுக்குத் துறை சார்பில் பேச என்னை அனுப்புகிறார்கள். வரட்டுமா? நீ வேண்டாம் என்றால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

லெஸ்ஸைக் கேட்டதாகச் சொல். கேட்க மறந்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வால்டா


பிரிகல்
21 நவம்பர் 1993

வால்டா,

வரட்டுமா என்று நீ கேட்டதை நான் முடிவு செய்ய முடியாது. விழா பிள்ளைகளுடையது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வைத்தேன். உன் கடிதத்தையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன், ஏப்ரல் விஷயம் உட்பட. உன்னைக் கேட்காமல் செய்தேன்.

ஏப்ரல் என்றதும் பையன்களுக்கு முகம் சிவந்துவிட்டது. “நாங்க பஸ்ல போனப்பவே முடிவாயிடுச்சா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒருவனுக்கு, நீ வந்தால் நாற்காலியில் செத்த எலியை வைக்க வேண்டுமாம். இன்னொருவன், “வரவே வேணாம்னு எழுதுங்க மிஸ்” என்றான். மற்றப் பிள்ளைகளும் கோபமாகத்தான் இருந்தார்கள், ஆனால் ட்ரூடி மேல் அல்ல. கோலினின் மகன் எழுந்து, “ட்ரூடி எழுதினதுல தப்பே இல்ல, பாதியப் போட்டவங்கதான் தப்பு” என்றான். அவனுடைய அப்பா பேசியதையெல்லாம் வீட்டில் கேட்டு வளர்கிற பிள்ளை அது.

அதன் பிறகு, இரண்டு மாதம் கழித்து, ட்ரூடி கை தூக்கினாள்.

“அவங்க வரட்டும் மிஸ். ஆனா பேசக்கூடாது. நாங்க பேசுவோம், அவங்க உக்காந்து முழுசாக் கேக்கணும்.”

ஓட்டெடுத்தோம். பதினாறுக்கு ஆறு. என் ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்காதே.

இரண்டு மணிக்குத் தொடங்கும். துறை கொடுத்தனுப்பும் பேச்சை எடுத்துவர வேண்டாம்.

நோரீன்


பிரிகல்
20 டிசம்பர் 1993

வால்டா,

வெள்ளிக்கிழமை உன்னோடு பேச முடியவில்லை. பேச முடியாதபடி நானே பாத்திரம் கழுவப் போய்விட்டேன் என்பதுதான் நிஜம். நான் திரும்பி வந்தபோது உன் கார் கிளம்பியிருந்தது. உனக்காக லாமிங்டன் கேக் ஒரு டப்பா மிச்சம் வைத்திருந்தேன், அதை மெர்வ் எடுத்துப் போனார்.

இன்று அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். டவுன் பள்ளியில் பிப்ரவரியிலிருந்து எனக்கு இரண்டாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஓய்வு வாங்கிக்கொள் என்று லெஸ் சொல்கிறார். சின்னதுகளோடு பஸ்ஸில் யாராவது ஒரு பெரியவர் போக வேண்டும். எப்படியும் நான் அந்தப் பக்கம் போகிறவள்தானே. காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்று நினைத்தாலே உடம்பு வலிக்கிறது.

நீ உட்கார்ந்திருந்ததை நான் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகரக் கூரையின் கீழ் ஒரு மணி நேரத்துக்கு மேல். இருபத்தொரு பேர் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். சின்னவன் ஒருவன் பாதியில் மறந்துபோய் நின்றான். எல்லோரும் அவனுக்கு எடுத்துக் கொடுக்கப் பார்த்தார்கள். நீ மட்டும் சும்மா இருந்தாய். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவனுக்கு ஞாபகம் வரும்வரை, அவசரமே இல்லாதவள் போல. வந்தது. முழுதும் சொன்னான். ட்ரூடி தன் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தபோது நீ தலை குனிந்துகொள்ளவில்லை. குனிவாய் என்று நினைத்தேன். முடிவில் கோலின் கிண்டலாக, “துறைக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?” என்று கேட்டபோதும் தலையை மட்டும் ஆட்டினாய். வீட்டுக்குப் போகும்போது ட்ரூடி என்னிடம், “அவங்க நல்லாக் கேட்டாங்க மிஸ்” என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு அதற்காக உன்னிடம் நன்றி உண்டு.

ஆனால் அன்று இரவு சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டுச் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாக எனக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் இத்தனை வருஷம் இருந்து, பாவம், பிள்ளைகள் பேசுவதைக் கேட்கவே உனக்கு மறந்துபோயிருக்கும் என்று. மறந்தவளை மன்னித்துவிடலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை பார்த்தேன். உனக்கு எதுவும் மறக்கவில்லை, வால்டா.

கொஞ்ச காலம் எழுதாதே. என்னால் முடியும்போது நானே எழுதுகிறேன்.

நோரீன்